வலது பக்கம் இழுக்கிற போட்

"இந்த ஆளை மாத்துங்க சார். இவனுக்கு போட் ஓட்டவே தெரியல."

செக்ரட்டரி தயாளன் சாரிடம் மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். மனுஷன் மாடிப்படியில் குடையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். போன வெள்ளத்துக்குப் பிறகு அசோசியேஷனில் ஒரு போட் வாங்கிப் போட்டோம். மூன்று வருஷமாக கார் பார்க்கிங்கில் பூனை குட்டி போடத்தான் அது உதவியது. இப்போதுதான் தண்ணீரையே பார்க்கிறது. ஓட்டுவதற்குக் கோவளத்திலிருந்து மாணிக்கவேலைக் கூட்டி வந்திருக்கிறோம்.

எங்கள் தெரு முட்டுச் சந்து. போட்டைத் திருப்ப இடம் கிடையாது. நேராக உள்ளே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு, ரிவர்ஸிலேயே மெயின் ரோடு வரைக்கும் போகணும்.

அப்படிப் போகும்போதெல்லாம் வலது கைப்பக்கம் ஹில்டா டீச்சர் வீட்டு கேட்டில் போய் 'டொம்'. தினமும் நாலு தடவை.

வேறு யார் வீடாக இருந்தாலும் பரவாயில்லை. போட்டே வேண்டாமென்று மீட்டிங்கில் எழுந்து நின்றவர் இந்த டீச்சர்.

"தாம்பரத்துல போட்டா? அடுத்து என்ன, லைட்ஹவுஸா?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். தயாளன் சார் முப்பது வருஷம் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். முகம் சுண்டிப்போய்விட்டது. அங்கேயே தீர்மானம் போட்டார்: போட்டை எதிர்த்தவர் வீட்டுக்கு போட் போகாது.

டீச்சரும் லேசுப்பட்டவர் இல்லை. "செத்தாலும் அதுல கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து சர்ச்சில்கூட ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஓரம்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டில் வேறு யாரும் இல்லை. மூன்று நாளாக மாடியை விட்டு இறங்கவே இல்லை. பாவம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் தீர்மானம் தீர்மானம்தானே!

"இடிக்கிறதோட போச்சா சார்? மேலேருந்து கயித்துல ஒரு பக்கெட் இறங்குது. இவன் பாலும் ரொட்டியும் அதுல போடறான். என் கண்ணால பார்த்தேன்."

"டீச்சர் ஒண்ணும் சொல்லலையா?"

"'போட்டாம் போட்டு, என் கேட்டை ஒடைக்கிறான்'னு திட்டிக்கிட்டே பக்கெட்டை மேல இழுத்துக்கறாங்க சார்!"

தயாளன் சார் மாணிக்கவேலைக் கூப்பிட்டார்.

"என்னய்யா இது?"

"நான் இன்னா சார் பண்ணுவேன்? தண்ணிக்குள்ள காத்தாடி சுத்துதுல்ல, ரிவர்ஸ் போட்டா அது போட்டோட வாலை வலது பக்கமா இஸ்துகினு பூடுது. கைப்புடிய எவ்ளோ ஒடிச்சாலும் கேக்க மாட்டுது. முட்டிக்கினா, ரெண்டு நிமிசம் கேட்டாண்ட நின்னுதான் எடுக்கணும்."

"ரீல் விடறான் சார்!"

தயாளன் சார் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அப்புறம் மினிட்ஸ் நோட்டை எடுத்து நிதானமாக எழுதி, வாசித்தும் காட்டினார்.

"புரொப்பெல்லர் இழுத்து போட் தானாகப் போய் நின்றால், அது போட் போனதாகக் கருதப்படாது. கையெழுத்துப் போடுங்க, ஜீவானந்தம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாயின்ட் செக்ரட்டரி ஆயிற்றே, போட்டுத் தொலைத்தேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கப்பல்ல இருந்தவர் நீங்க. நெஜமாவே அப்படி இழுக்குமா சார்?"

"இழுக்குமே. ரிவர்ஸ்ல நல்லாவே இழுக்கும்."

சட்டைப் பையிலிருந்து சுகர் மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து மாணிக்கவேல் கையில் திணித்தார்.

"ஆனா இந்த இன்ஜின், இடது பக்கம்தான் இழுக்கும்."