பக்கம் நாற்பத்திரண்டு

"இப்பவே வீட்டை என் பேருக்கு எழுதிட்டீங்கன்னா வரி மிச்சம்ப்பா." மகன் பத்திரத்தையும் பேனாவையும் மேசையில் வைத்தான்.

அப்பா பேனாவை எடுத்ததும் அவன் முகம் மலர்ந்தது. அவரோ முதியோர் சட்டப் புத்தகம் ஒன்றைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"'வரி மிச்சம் என்று பத்திரத்தோடு வரும் பிள்ளைக்குக் காபி மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.' பக்கம் நாற்பத்திரண்டு."

"புத்தகத்துல ஆயிரம் எழுதுவாங்க. அதையெல்லாம் நம்பிக்கிட்டு..."

"நம்பாம? பெரிய சட்டப் பேராசிரியர் எழுதினதாச்சே. முழு விலை குடுத்து வாங்கியிருக்கேன்."

மகன் நெளிந்தான். யாரும் கேட்காமலே அம்மா காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

அப்பா புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, பேனாவை அவனிடமே நீட்டினார்.

"கையெழுத்தை நீ போடுப்பா. புத்தகத்தை எழுதினவன் நீதானே?"