முதல் மாடிக்குப் புதுப் பூட்டு

"அப்பா! எழுந்திரு முதல்ல!"

விஷயம் கேள்விப்பட்டுச் சட்டக் கல்லூரியிலேர்ந்து நேரா ஓடி வந்தவளுக்கு ரத்தம் கொதிச்சுது. நர்ஸ் அக்கா குடியிருக்கற முதல் மாடி வாசல்ல, பெத்த அப்பாவே குத்தவச்சு உக்காந்து பூட்டு மாத்திக்கிட்டிருக்கார்.

பக்கத்துல வீட்டுக்காரர், இடுப்புல கைய வச்சுக்கிட்டு.

"அக்கா டியூட்டிக்குப் போன நேரம் பாத்துப் பூட்டை மாத்தறீங்களா? கோர்ட் உத்தரவு எங்க சார்?"

"என் வீடு, என் கதவு. எனக்கு எவன் உத்தரவு போடணும்?"

"அவங்க குடியிருக்கற வரைக்கும் இப்படிப் பூட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. போன வாரம் தண்ணிய நிறுத்தினீங்க. அவங்க அசையலைன்னதும் இப்ப இதுவா? இருங்க, போலீஸுக்கே போன் போடறேன்!"

"நாலு எழுத்துப் படிச்சா வாய் இப்படித்தான் நீளும். உங்கப்பனைப் பாரு, தொழில்ல கண்ணா இருக்கான்."

அது அவளுக்குச் சுருக்குனு தைச்சுது.

"மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு நாக்கு எழும்பலையாப்பா? வெக்கமா இருக்கு!"

அப்பா நிமிரவே இல்ல. கடைசித் திருகாணிய முறுக்கினார். புதுச் சாவிங்களை உறையோட வீட்டுக்காரர்கிட்ட நீட்டினார்.

அவ போலீஸ் நம்பரை அழுத்த ஆரம்பிச்சதும், வீட்டுக்காரர் உறையப் பிடுங்கிப் பைல போட்டுக்கிட்டு விறுவிறுனு படியிறங்கிட்டார்.

"இப்ப அக்கா வந்தா மூஞ்சிய எங்க வச்சுக்குவ?"

அதுக்குள்ள அக்காவே வந்துட்டாங்க. பளபளக்கற பூட்டைப் பாத்ததும் தோள்பை நழுவிச்சு.

"அண்ணே... என் சாமானெல்லாம் உள்ள இருக்கே!"

"உங்க பழைய சாவியப் போடுங்கம்மா."

அக்கா போட்டுத் திருப்பினாங்க. கதவு திறந்துச்சு.

அப்பா பூட்டைத் தட்டிக் காட்டினார்.

"மேல்கூடுதான் புதுசு. உள்ள இருக்கறதெல்லாம் உங்க பழைய பூட்டோடது. நான் மாட்டேன்னு போயிருந்தா, வேற ஆளு வந்து நிஜமாவே மாத்தியிருப்பான்."

"அப்ப அவர்கிட்ட இருக்கற சாவி?" மக குரல் இறங்கிப் போச்சு.

"எந்தக் கதவையும் திறக்காது."

"நாளைக்கு இது தெரிஞ்சா உன்னைச் சும்மா விடுவாராப்பா?"

அப்பா கருவிப்பையத் தோள்ல மாட்டிக்கிட்டுச் சிரிச்சார்.

"வரட்டுமே. எங்க வீட்டு வக்கீல் போட்ட ஒரே சத்தத்துல, சாவியப் போட்டுக்கூடப் பாக்காம ஓடினவர்தானே!"