மஞ்சள் பூ

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றியதும் கருகல் நாற்றம் மெக்கானிக்கின் தொண்டைவரை இறங்குகிறது. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்துக் கொழகொழவென்று அசைகிறது. தொட்டுத் தேய்த்தால் தேய்ந்த கிளட்ச்சின் பொடி நகக்கண்ணில் ஏறுகிறது. "சீ! இதுல கை வெச்சவன் மனுஷனே இல்ல டீச்சர்," என்று காறித் துப்புகிறார். போன மாதம்தான் இந்தப் பழைய காரை வாங்கிய டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்க்கிறார். "அப்படி என்னண்ணே பண்ணி வெச்சிருக்கான்?" "நூல் பிரியிற கந்தலால உள்ள துடைச்சு, அதை அங்கயே விட்டுட்டான், தடிமாடு. வடிகட்டி அடைச்சு, எண்ணெய் ஏறாம எல்லாம் வெந்துபோச்சு." சிக்கியிருந்த கந்தலை இடுக்கியால் பிடுங்கி, மண்ணெண்ணெயில் அலசி, வெளிச்சத்தில் பிடிக்கிறார். கறுப்பு கரையக் கரைய ஊதாத் துணியில் ஒரு மஞ்சள் பூ தெரிகிறது. சட்டென்று காரைத் திரும்பிப் பார்க்கிறார். கதவோரம் உரிந்த வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் பச்சை எட்டிப் பார்க்கிறது. அந்தப் பச்சைக் காரை அவருக்கு நன்றாகத் தெரியும்; போன வருஷம் இதே பட்டறைக்கு வந்ததுதான். "யாருண்ணே அந்தப் புண்ணியவான்?" என்று கேட்கும் டீச்சரின் கண், அவர் தோளில் கிடக்கும் துணிக்குப் போகிறது. மனைவியின் பழைய நைட்டியிலிருந்து கிழித்த துணி. ஊதா நிறம், மஞ்சள் பூக்கள். டீச்சர் கைக்குட்டையை மூக்கிலிருந்து வாய்க்கு இறக்கி இன்னும் இறுக்கிப் பொத்திக்கொள்கிறார்.