கம்பி போடுவதற்குள்

"மறுபடியும் கூப்பிடு. எடுக்கிற வரைக்கும் விடாத."

லெஸ்லி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நகராண்மைக் கழகத்தில் நடந்த அவசரக் கூட்டத்திலிருந்து இப்போதுதான் வந்திருந்தார். கிள்ளானில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடிக்கு அவர்தான் குடியிருப்பாளர் சங்கத் தலைவர்.

டொரத்தி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தாள். "அடிச்சிக்கிட்டே இருக்கு, எடுக்க மாட்டேங்குறா. மீட்டிங்ல என்னதாங்க சொன்னாங்க?"

"இன்னைக்கு சாயங்காலம் ஒரு இடத்தை மூடுறாங்க. சோல்ஜர் வந்து சுத்தி முள்கம்பி போட்டுருவாங்க. ரெண்டு வாரத்துக்கு யாரும் உள்ள வரவும் முடியாது, வெளிய போகவும் முடியாது."

"எந்த இடம்?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஆர்டர். தெரிஞ்சா எல்லாரும் மூட்டை கட்டிருவாங்களாம், நோயும் கூடவே கிளம்பிருமாம். கம்பி போடுறதுக்குள்ள டீனா இங்க இருக்கணும். அவ்வளவுதான்."

டொரத்திக்கு அது போதும். மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது மேருவில், தொழிற்சாலைகளுக்கு நடுவே. போன வாரம்தான் அங்கே ஒரு தொழிலாளர் விடுதியில் பாதிப் பேருக்குத் தொற்று என்று பேசிக்கொண்டார்கள்.

"மாதாவே! மேருவா?"

பதறிக்கொண்டு மறுபடியும் மகளின் எண்ணை அழுத்தினாள். இந்த முறை டீனாவின் குரல் கேட்டது; லெஸ்லி கைப்பேசியை மனைவியிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"பாப்பா, வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பு. கார் நான் புக் பண்றேன். ரோட்பிளாக்ல போலீஸ் கேட்டா அம்மாவுக்கு முடியலன்னு சொல்லு. ஐசி கார்டு மட்டும் எடுத்துக்க, துணிமணி வேணாம்."

"துணி இல்லாம? ரெண்டு வாரம் என் நைட்டிய மாட்டிக்கிட்டா திரிவா?" டொரத்தி குறுக்கே பாய்ந்தாள். "மாப்பிள்ளையையும் வரச் சொல்லுங்க. அங்க தனியா மாட்டிக்கிட்டா மனுசன் சோத்துக்கு என்ன செய்வாரு?"

"அவரு ஃபேக்டரிலேர்ந்து வந்து சேர இருட்டிரும். அவருக்காகக் காத்திருந்தா ஒருத்தரும் வர முடியாது. சும்மா இரு லா!"

டொரத்திக்கு மனசு கேட்கவில்லை. மனைவியை ஒரு நாள்கூடப் பிரிந்திருக்க மாட்டான் கெல்வின். டீனா எப்போது தனியாகத் தாய்வீட்டுக்கு வந்தாலும், உலையில் சோறு கொதிப்பதற்குள் கீழே அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்; கையோடு கூட்டிப் போய்விடுவான். 'அப்படி ஒரு பாசம்' என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாள் டொரத்தி.

முதலில் ஒத்துக்கொண்ட கார் வரவில்லை. இரண்டாவது கார் ரோட்பிளாக்கில் சிக்கிக்கொண்டது. லெஸ்லி மாடி நடைபாதைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தபடி நின்றார். டொரத்தியின் விரலில் ஜெபமாலை நகர்ந்தது. வாய் பாதி ஜெபத்தில் நின்று நின்று போயிற்று.

பக்கத்து வீட்டுக் கன்னையா எட்டிப் பார்த்தார். "தலைவரே, எங்கயோ கம்பி போடப் போறாங்களாமே? வாட்ஸ்அப்ல வந்துச்சி."

"எனக்கு ஒன்னும் தெரியாது."

"தலைவருக்கே தெரியாதுன்னா அப்புறம் எதுக்கு தலைவரு? தீபாவளி ஓபன் ஹவுஸ் விருந்துல மாலை வாங்கிக்கவா?"

வேறு நாளாக இருந்தால் லெஸ்லி சிரித்திருப்பார்.

வெயில் மங்கும்போது ஒரு வெள்ளைக் கார் வாசலில் வந்து நின்றது. டீனா இறங்கிப் படியேறி ஓடி வந்தாள். வீட்டில் போடும் செருப்பு, கையில் அடையாள அட்டை. டொரத்தி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "தப்பிச்சிட்டடி. மாதா கைவிடல."

சற்று நேரத்துக்கெல்லாம் கீழே லோரிச் சத்தம். ஒன்றல்ல, வரிசையாக. பச்சை லோரிகளிலிருந்து குதித்த ராணுவ வீரர்கள், இவர்களுடைய நுழைவாயிலிலேயே கம்பிச் சுருளைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

"தலைவரே!" கன்னையா அலறினார். "நம்ம பிளாக்கு! நம்மளைத்தான் அடைக்கிறானுங்க!"

டொரத்தி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"இதுதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? நோய் இருக்கிற இடத்துல பெத்த பொண்ணைக் கூப்பிட்டு வச்சி அடைச்சீங்க? நீங்கல்லாம் ஒரு அப்பனா?"

லெஸ்லியின் கண் கீழேயே இருந்தது. ஒரு மோட்டார் சீறிக்கொண்டு வந்து கம்பிக்கு அப்பால் நின்றது. தொழிற்சாலைச் சீருடையோடு இறங்கிய கெல்வின், மாடியைப் பார்த்து டீனாவின் பெயரைச் சொல்லிக் கத்தினான். உள்ளே நுழைய வந்தவனை வீரர் ஒருவர் தடுத்து, திரும்பிப் போகச் சொல்லிக் கை காட்டினார்.

டீனா அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். "டேடி, ரெண்டு வாரத்துக்கு அவரால உள்ள வர முடியாதுல்ல?"

"முடியாது, பாப்பா."

தரையில் உட்கார்ந்த டீனா, கழுத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவை மெல்ல அவிழ்த்தாள். அங்கே கன்றிப் போயிருந்த விரல் தடங்களை டொரத்தி அப்போதுதான் பார்த்தாள்.