ஐயாயிரத்துக்கு வழி

மகனின் என்ட்ரன்ஸ் கோச்சிங்குக்கு மாதம் ஐயாயிரம் கூடுதலாக வேண்டும். கரமனையிலுள்ள வீட்டின் சாப்பாட்டு மேசையில் தாணுமாலையனும் மீராவும் காகிதமும் கால்குலேட்டருமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

இதுவரை ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை.

பேப்பரை நிறுத்தலாம் என்றார் தாணுமாலையன். பேப்பர் இல்லாமல் காலையில் டீ இறங்காது என்று அவரே அடித்துவிட்டார். ராத்திரியில் ஃப்ரிட்ஜை அணைக்கலாம் என்றாள் மீரா. அணைத்தால் மாவு புளிக்கும் என்று அவளே வேண்டாமென்றாள்.

தரை துடைத்துக்கொண்டிருந்த தாசம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள். படித்தவர்களாம், அதிலும் ஒருவர் ஆடிட்டர் ஆபீஸில்! காசு எந்த வழியாகப் போகிறதென்று கண்ணெதிரே தெரிகிறது, இவர்கள் பேப்பரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

எரிச்சலைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அந்தக் காகிதத்தில் பால், கேஸ், கரன்ட்டுக்கு அடுத்து அவள் பெயர். சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு. வேறு வழி தெரியாதவர்கள் கடைசியில் அதில்தான் கை வைப்பார்கள். அவள் வீட்டு வாடகையே அதில்தான் போகிறது.

துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"மேல ரூம் சும்மால்லா கெடக்கு? காலேஜ் பிள்ளைக்கு யாருக்காவது வாடகைக்கு விடுங்கம்மா. மூவாயிரம் வரும்."

ஞாயிறுதோறும் மைத்துனர் குடும்பம் வந்து விருந்து சாப்பிடுவதை நிறுத்தச் சொன்னாள். அதில் ஆயிரத்து இருநூறு. மத்தியானத்துக்கு அவியல், தோரன், கிச்சடி என்று மூன்று தொடுகறி எதற்கு, பாதியை நான்தானே குப்பையில் கொட்டுகிறேன் என்று கேட்டாள். ஒன்று போதும் என்றால் எண்ணூறு மிச்சம்.

தாணுமாலையன் தட்டிப் பார்த்தார். சரியாக ஐயாயிரம்.

தாசம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மீராவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எழுந்து வந்து தாசம்மாளின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நமக்கு இது தோணவே இல்லியே அக்கா! மேல பெருக்க வேண்டாம், ஞாயித்துக்கிழமை அண்டா அண்டாவா பாத்திரம் கெடையாது, நறுக்கதுக்கும் ஒரே ஒரு கறி..."

விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள் மீதி விரல்களைப் பார்த்தாள்.

"அப்போ இனி அரைமணிக்கூர் வேலைதான் பாக்கி. அத நானே செய்துக்கிடுவேன், கேட்டோ. உங்களுக்கும் முட்டுவலி உண்டுல்லா?"

உண்மையான அக்கறையோடுதான் சொன்னாள்.

தாசம்மாளுக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. தன் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்றிருந்தது.

தாணுமாலையன் மறுபடியும் கால்குலேட்டரை எடுத்தார். ஐயாயிரம் தேடியவர்களுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு கிடைத்தது.