எழாத கை

மெல்வின் வலது கையைத் தூக்கினால்தான் பாட்டு முடியும். அவர் டிரம்ஸ் வாசித்து நடத்தும் லத்தீன் ஜாஸ் குழுவில் அதுதான் சட்டம். இன்று அந்தக் கை எழவே இல்லை. டிரம்பெட்காரருக்கு மூச்சு வாங்கியது. தும்பா மேளம் தட்டிய ஜெரால்டுக்கு விரல்கள் மரத்துவிட்டன.

“அண்ணே, போதும்ணே. முடிங்க!” என்று கத்தினான்.

மெல்வின் திரும்பவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் ஜெரால்டும் பார்த்தான். மேடைத் திரையோரம் மெல்வினின் மச்சான் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் மெல்வினின் மகள் பக்கத்தில் இருக்க வேண்டியவர். பாட்டு முடியட்டும் என்று, கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி காத்திருந்தார்.

கீழே ஜனம் விசிலடித்து ஆடியது. மெல்வின் இன்னும் வேகமாக அடித்தார். வியர்வையில் குச்சியொன்று நழுவித் தெறித்தது. வலது கை வெறுங்கையாக நின்றது. பிறகு மெல்ல மேலே எழுந்தது.

“வேணாம்ணே, தூக்காதீங்க” என்றான் ஜெரால்டு. மற்றவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவன் மட்டும் தலையைக் குனிந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு தட்டினான். அவனைப் பொறுத்தவரை அந்தக் கை இன்னும் எழவில்லை.