பதினொரு விநாடி

டிவிடி பிரதி போடும் ஆலையிலிருந்து திரும்பி வந்த அறிக்கையில் இரண்டே குறைகள்.

ஒன்று, அடுக்கு மாறும் இடம் குறிக்கப்படவில்லை. இரண்டு, படம் ஓடும் ஒரு மணி மூன்றாவது நிமிடத்தில் பதினொரு விநாடிக்குச் சத்தம் இல்லை, சரிசெய்து அனுப்பவும்.

இரண்டாவதைப் படித்ததும், அந்த டிவிடியைத் தயாரித்த ரத்னாபாய்க்குச் சுர்ரென்று ஏறியது.

"சத்தம் போவல சாரே. அந்த அம்மா வாயத் தொறக்காம, மிண்டாம இருக்கா, அவ்வளவுதான்" என்றாள் முதலாளியிடம்.

அந்த அம்மா முத்தாரம்மாள். கடற்கரையிலிருந்து கிளப்பிவிடப்பட்ட குடும்பங்களுக்கு ஒரு கம்பெனி வீடு கட்டிக்கொடுத்து, அந்தப் பெருமையை இரண்டு மணி நேரப் படமாகவும் எடுத்திருந்தது. படத்தில் ஒருவர் மைக்கை நீட்டி, புது வீடு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். முத்தாரம்மாள் கேமராவைப் பார்க்கிறாள். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் ஆட்களைப் பார்க்கிறாள். பதினொரு விநாடி. பிறகு, நல்லா இருக்கு என்கிறாள்.

இரண்டு மணி நேரத்தில் பொய் கலக்காதது அந்தப் பதினொரு விநாடிதான் என்று ரத்னாபாய் நினைத்தாள்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், அரிசி மண்டிக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ. முதலாளி கிரீஷ் அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, பயந்தாங்கொள்ளி.

கம்பெனித் தலைவரின் உரையை ஒரு வரி விடாமல் சேர்க்கச் சொன்னதில், படம் ஒற்றை அடுக்கு டிவிடியில் அடங்காமல் போயிற்று. இரண்டு அடுக்கு என்றால், தட்டைப் படிக்கும் ஒளி முதல் அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது படம் ஒரு கணம் உறைந்து நிற்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதைச் செய்பவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் அடுக்கு இரண்டாவதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது என்பதால், பாதிப் படத்துக்குப் பிறகுதான் வைக்கலாம்.

கிரீஷ் வழி கண்டுபிடித்துவிட்டான்.

"அடுக்கு மாறுற பிரேக்கை அந்த அம்மா பேசாத எடத்துலயே வெச்சிடுங்க சேச்சி. டிஸ்க்கு நின்னுபோச்சுன்னு நெனச்சுக்குவாங்க, கேட்டோ."

கெட்டிக்கார யோசனைதான். அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது. ஒரு பொம்பளை வாய் திறக்காமல் சொன்னதை, தட்டின் பழுது என்று ஆக்கிவிடலாம்.

முடியாது என்றாள். வேண்டுமானால் வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளுங்கள் என்றாள்.

திருவனந்தபுரம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் இந்த வேலைக்கு இன்னொரு ஆள் சிக்கமாட்டார் என்பது இருவருக்குமே தெரியும். கிரீஷ் டீ குடிக்கக் கீழே இறங்கினான்.

அவள் அடுக்கு மாறும் இடத்தைத் தலைவரின் உரைக்குள் கொண்டுபோய் வைத்தாள். கையை உயர்த்தி, வாயைப் பிளந்து நிற்கும் இடமாகப் பார்த்து வைத்தாள். அதுவும் பாதிக்குப் பிறகுதானே வருகிறது, விதியில் ஒரு குற்றமும் இல்லை.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதினொரு விநாடியைக் கேட்டாள். மூன்று முறை கேட்டாள். நான்காவது முறை தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

சத்தம் இல்லை என்றுதானே புகார்? அந்தப் பதினொரு விநாடிக்கு மட்டும் ஒலியை ஏற்றினாள். தலைவரின் குரல் எவ்வளவு உயரத்தில் இருந்ததோ, அவ்வளவு உயரத்துக்கு.

கிரீஷ் திரும்பி வந்து, இரண்டாவது குறை என்னாயிற்று என்று கேட்டான்.

"சரி பண்ணியாச்சு சாரே. இனி கேக்கலன்னு ஒரு பராதி வராது."

அவன் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டான். தட்டு ஆலைக்குப் போயிற்று. இரண்டாயிரம் பிரதிகளாக வந்திறங்கியது. கம்பெனியே ஆள் வைத்து வீடு வீடாகக் கொடுத்தது.

இப்போது யார் போட்டுப் பார்த்தாலும் கேட்கும். மைக் நீள்கிறது. புது வீடு எப்படி இருக்கிறது? முத்தாரம்மாள் பேசவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள்ளே, அலுமினியச் சட்டியில் மழை சொட்டிக்கொண்டே இருக்கிறது.